லோரிக்குள்ளே ரோசா

“அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் தினம் சாயங்காலம் லோரிக்குள்ள உக்காந்து யாரோ ஒரு பொம்பள கூட பேசறாரு.”

பக்கத்து வீட்டு மாலா இதைச் சொன்னபோது கங்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது புருஷன் உடையப்பனின் சட்டை. உதறிய உதறலில் ஒரு பொத்தான் தெறித்துப் போனது.

“நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலலா. குப்பை போடப் போனப்ப காதுல விழுந்துச்சு. பொம்பள குரலேதான்.”

மாலா குப்பை போடப் போனால் தாமான் குடியிருப்பு முழுக்கச் சேதி பரவிவிடும். ஆனால் இதில் பொய் இல்லை. கங்காவே பார்த்துவிட்டாள். செம்பனைக் குலைகளை ஆலையில் இறக்கிவிட்டு வருகிற மனுஷன், வீட்டு வாசலில் லோரியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறார். கேட்டால் “முதலாளி” என்கிறார். முதலாளியிடம் யாராவது வெட்கப்பட்டுச் சிரித்துப் பேசுவார்களா?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஷர்மினி விஷயத்தை எப்படிப் பொறுப்பது?

ஒரே மகள். பல்கலைக்கழக விடுமுறையில் பெரு நாட்டுக்குப் போகிறேன் என்றாள். ஸ்பானிஷ் படித்துக்கொண்டே ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் தொண்டூழியம். உடையப்பன் குதி குதியென்று குதித்தார்.

“இங்க தோட்டத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆளில்ல. இவ உலகத்தோட அந்தக் கோடிக்குப் போறாளாம். போகட்டும். என் கையால திருநீறு பூசி அனுப்புவேன்னு மட்டும் நெனைக்காதீங்க.”

சொன்னபடியே செய்தும் காட்டினார். அப்பா கையால் நெற்றியில் திருநீறு வாங்காமல் ஷர்மினி ஒரு பரீட்சைக்குக்கூடப் போனதில்லை. விமானம் ஏறுகிற அன்று பெட்டியோடு வாசலில் காத்து நின்றாள். மனுஷன் லோரியை எடுத்துக்கொண்டு சபாக் பக்கம் போய்விட்டார்.

“நான் பூசிவிடறேன் வாம்மா” என்று கங்கா தட்டை நீட்டினாள்.

“வேண்டாம்மா. அப்பா பூசும்போது பூசிக்கறேன்” என்று வெறும் நெற்றியோடு கிளம்பினாள் மகள்.

போய் ஒரு வாரம் ஆகிறது. பெற்ற மகளோடு பேச அவருக்கு வாய் வரவில்லை. எவளோ ஒருத்தியோடு மட்டும் வாய் ஓயவில்லை.

அன்று சாயங்காலம் உடையப்பன் குளித்துக்கொண்டிருந்தபோது, மேசை மேல் இருந்த அவருடைய கைப்பேசி அடித்தது. கங்கா எட்டிப் பார்த்தாள்.

திரையில் ‘ரோசா’ என்று இருந்தது.

அவள் எடுப்பதற்குள் அவர் ஈரத் தலையோடு ஓடி வந்து, பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டார்.

“யாருங்க ரோசா?”

“அது... வேலை விஷயம்லா” என்றபடி கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேரே லோரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆகியும் அவர் இறங்கவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட கை இன்றைக்குக் கரண்டியைத் தூக்கியே தீரும் என்று கங்கா முடிவு கட்டினாள். தூக்கியும் விட்டாள். வாசலுக்குப் போவதற்குள் அவளுடைய கைப்பேசி அடித்தது. ஷர்மினி, வீடியோ அழைப்பில்.

கங்கா அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“அம்மா, இங்க இப்பத்தான் விடிஞ்சிச்சு. இன்னிக்குத்தான் எனக்கு முதல் வகுப்பு. முழுக்க ஸ்பானிஷ்லயே பேசப்போறேன்.”

மகள் முகத்தில் அப்படியொரு களை. நெற்றியில் திருநீறு. கோணல்மாணலாக மூன்று கோடு.

“யாரு பூசிவிட்டது?”

“நான் தங்கியிருக்கிற வீட்டு அம்மாதான்.” பக்கத்தில் ஒரு வட்ட முகம் எட்டிப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தது. “இவங்கதாம்மா ரோசா.”

கங்காவின் கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

“நான் ஐஸ்பெட்டியில ஒட்டி வெச்ச இந்த வீட்டு நம்பரைப் பாத்து, அப்பா இவங்களைத் தினமும் கூப்பிடறாராம். நான் போறேன்னு சொன்ன நாள்லேருந்து கைப்பேசியில பாடம் கேட்டுக் கேட்டு ஸ்பானிஷ் படிச்சிருக்காரும்மா. ‘கோவத்துல பூசாம அனுப்பிட்டேன். முதல் வகுப்புக்குப் போறப்ப எனக்குப் பதிலா நீங்க பூசிவிடுங்க’ன்னு கேட்டிருக்காரு. எங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற. எத்தனை விரல்ல பூசணும்னு தெரியாம இப்பத்தான் இவங்க கூப்பிட்டுக் கேட்டாங்க. அப்பத்தான் எனக்கே தெரியும்.”

“அந்த ஊர்ல திருநீறு ஏது?”

“என் பெட்டிக்குள்ள அடியில பொட்டலமா இருந்துச்சே. நீங்க வெச்சதுன்னுல நெனச்சேன்.”

கங்கா வைக்கவில்லை.

“அம்மா, அப்பாவோட ஸ்பானிஷ் என்னோடதைவிட நல்லா இருக்காம். ரோசா சொல்றாங்க.” சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவளுக்குக் குரல் உடைந்தது. “இப்பவாவது எங்கிட்ட பேசுவாராம்மா?”

கங்கா வாசலுக்குப் போய் லோரிக் கதவைத் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே உடையப்பன் திருட்டு முழி முழித்தார். கங்கா கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ரோசா பக்கத்துல உங்க மக நிக்கிறா. இறங்கி வீட்டுக்குள்ள வந்து, ரெண்டு பேரோடயும் நல்லா சத்தமா பேசுங்க. மாலா காதுலயும் விழட்டும்.”