கையெழுத்து மட்டும்தான் பாக்கி

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டதால் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு என்று வக்கீல் சொன்னதும் பெரியவன் முகம் தொங்கிப்போனது.

தங்கையின் கையெழுத்து இல்லாமல் வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது என்றார் வக்கீல். சின்னவன் அவளை முறைத்தான்.

அந்த வீட்டின் முன்னறையில்தான் அவள் கடை வைத்திருந்தாள். எரிந்துபோன மின்விசிறி, மிக்சி, தண்ணீர் மோட்டார் எது வந்தாலும் பழைய கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றித் தருவாள். அண்ணன்களோ வீட்டை வாங்க ஆளே பார்த்துவிட்டிருந்தார்கள்.

அப்பா பத்திரம் எழுதுகிறவர். ஊரில் பாதிப் பேருடைய உயில் அவர் எழுதியது. அப்படிப்பட்டவர் தனக்கென்று ஒரு வரி எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டாரே என்று சாவு வீட்டிலேயே ஆளாளுக்கு வாய்விட்டுச் சொன்னார்கள்.

அவளுக்கும் அந்தக் கோபம் இருந்தது. முன்னறையை மட்டுமாவது அவள் பேருக்கு எழுதிவைக்க மனசு வரவில்லையே அவருக்கு.

பெரியவனுக்குப் பொறுக்கவில்லை.

“வீட்டை எங்க ரெண்டு பேர் பேருக்கும் எழுதி, டைப் அடிச்சு, எத்தனை தடவை கொண்டுவந்தோம் தெரியுமா சார்? கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பேனாவைக் கையில எடுத்தாலே அவருக்குக் கை கிடுகிடுன்னு நடுங்கும். அடுத்த தடவை பாத்துக்கலாம்டான்னு எழுந்து போயிடுவாரு.”

கை நடுக்கமா? அப்பாவுக்கா?

சாயங்காலமானால் கடையில் வந்து உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, அவளுக்குக் கம்பி சுற்றித் தந்தவர் அவர். தலைமுடி கனம்தான் இருக்கும் அந்தக் கம்பி. சாவதற்கு முந்தின நாள் அவர் சுற்றிவைத்த மோட்டார் இன்னும் மேஜை மேல் இருக்கிறது. ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று வக்கீல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அம்மா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மகளுக்குத் தெரியாதா என்ன!

அப்பாவை நினைத்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை நாள் கோபப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

பெரியவன் விடுவதாக இல்லை. பையிலிருந்து ஒரு பத்திரத்தை உருவி அவள் முன்னால் வைத்தான். தன் பங்கை அண்ணன்களுக்கே விட்டுக்கொடுப்பதாக அதில் டைப் அடித்திருந்தது. பேனாவையும் திறந்து நீட்டினான்.

அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். காகிதத்துக்கு மேலே பேனாவைக் கொண்டுபோனாள்.

“கை நடுங்குதுண்ணா,” என்றாள். “அடுத்த தடவை பாத்துக்கலாம்.”