கடைசி விமானம்

"வெளிய வாடி! ஊரை ஏமாத்துன கம்பெனிக்காரி எங்க?"

முபாரக் எட்டி உதைத்ததில் இரும்பு கேட் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவன் பின்னால் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். முத்துப்பேட்டையின் அந்தக் குறுகலான தெருவில் மழைத்தண்ணீர் வேறு கணுக்கால் வரை நின்றது.

நாளைக்கு அவன் தங்கச்சி ஹஃப்ஸாவுக்கு நிக்காஹ். பந்தல் போட்டாயிற்று, ஆடு வந்து இறங்கியாயிற்று. லண்டனிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை அப்சர்தான் வரவில்லை.

"எனக்கு வெள்ளிக்கிழமை டிக்கெட், மச்சான். வியாழக்கிழமையே கம்பெனிய மூடிட்டானுங்க. வேற எதுலயும் இடமில்ல. நிக்காஹ்வத் தள்ளி வைங்க." காலையில் போனில் அப்சர் அழாக்குறையாகச் சொன்னான். பின்னால் ஏதோ குழந்தை வீறிட்டது. லண்டன் ஏர்போர்ட்டில் எத்தனை குடும்பம் தவிக்கிறதோ என்று முபாரக் நினைத்துக்கொண்டான்.

திருச்சியிலிருந்து நேராக லண்டன், அதுவும் பாதி விலையில் என்று வந்த கம்பெனி 'வான்துளி'. குடிக்கிற தண்ணீருக்குக்கூடத் தனிக்காசு வாங்கினார்கள். ஆனாலும் ஊரே அதில் ஏறிப் பறந்தது. அதில் பணிப்பெண்ணாகச் சேர்ந்த இந்த வீட்டுப் பர்வினுக்குக் கடைத்தெருவில் பேனர் கட்டியவனே முபாரக்தான். அப்புறம் எண்ணெய் விலை ஏறியது. வாடகைக்கு விட்ட விமானங்களை அவற்றின் முதலாளிகள் பிடுங்கிக்கொள்ள, கம்பெனி இருந்த இடம் தெரியாமல் போனது.

பர்வின் வாசலுக்கு வந்தாள். அவள் அம்மா ஜன்னத் பீவி கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"எனக்கும்தான் வேலை போயிடுச்சு, முபாரக் காக்கா. நான் என்ன பண்ணுவேன்?"

"அந்தக் கம்பெனிச் சோறுதானே தின்ன? என் தங்கச்சி அழுதழுது மயங்கிக் கெடக்குறா. உனக்கு எங்க உறைக்கப்போவுது?"

கூட்டத்தில் எவனோ செருப்பை வீசினான். அது தண்ணீரில் விழுந்து, சேறு அவள் முகத்தில் தெறித்தது.

முபாரக் தன் போனை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினான். "பாரு! நல்லாப் பாரு! உங்களால அந்நிய ஊர்ல அன்னம் தண்ணி இல்லாமக் கெடக்குற மனுசன் இவருதான்!"

பர்வின் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இவரா மாப்பிள்ளை?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"கடைசி ஃப்ளைட்ல நான்தான் டியூட்டி, காக்கா. இவரு வியாழக்கிழமையே திருச்சில எறங்கிட்டாரு."

பின்னால் நின்றவர்கள் போனை எட்டிப் பார்த்தார்கள். முபாரக் மட்டும் விடவில்லை.

"என்னடி உளர்ற? அத்தன பேருல இவரை மட்டும் எப்படி ஞாபகம் வச்சிருப்ப?"

"பொண்டாட்டிக்கு ஜன்னல் சீட்டு வேணும்னு என்கிட்ட சண்டை போட்டாரு."