முதல் மடக்கு

அவன் போத்தலைத் திறந்துவிட்டான்.

திறக்கக் கூடாது. மாற்றிக்கொள்ள வந்த போத்தலை எந்த மடையனும் திறப்பதில்லை.

“பயப்படாதீங்கண்ணே. உங்களுக்கு வேற ஒண்ணு இருக்கு. இது நாம சும்மா குடிச்சுப் பாக்க.”

அமலதாசன். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அரிய பியர் போத்தல்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் குழுவில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பையிலிருந்து அதே கறுப்பு பியரில் இன்னொரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். ஆறு வருடப் பழசு. வாயில் ஊற்றிய மெழுகு உடையவில்லை. ஆனால் பிள்ளையைத் தூங்க வைப்பதுபோலப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

நிறுத்தி வைக்க வேண்டும். அதைக்கூடச் சொல்லித்தர வேண்டும்.

எதிரே இருந்த அவர் தன் கிளாஸை முன்னால் இழுத்துக்கொண்டார்.

உணவங்காடியில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவர் எப்போதும் இங்கேதான் ஆளை வரச் சொல்வார். வீட்டுக்கு எவனையும் விடமாட்டார். வீட்டு அலமாரியில் சட்டை தொங்கிய இடத்தில் நாற்பது போத்தல் நிற்கிறது. ஒருமுறை பார்த்தவன் மறுமுறை அளப்பான்.

புதுசாக வருகிற கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஹாப்ஸ் என்கிற வாசப் பூ போட்ட டின் பியரை எட்டு மாதம் அடைகாப்பார்கள். பிறகு அரிய சரக்கு என்று நீட்டுவார்கள். அது வாங்கின சூட்டோடு குடிக்க வேண்டியது என்று தெரியாது. டின்னின் அடியில் தேதி அடித்திருக்கிறது, குனிந்து பார்க்க முதுகு வளையாது. கொசுறாக ஒன்று வைப்பது வழக்கம் என்றால், பெட்டிக்கடைக் குப்பையைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

எவனையும் நம்பாதே. புதியவர்களுக்கு அவர் சொல்வது அவ்வளவுதான்.

தன்னையும் சேர்த்துத்தான் என்று சொல்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. ஏழு நாளில் போனது. போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது.

நாக்குக்குக் கசப்பு தெரியும். புளிப்பு, இனிப்பு தெரியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை.

யாருக்கும் தெரியாது. தெரிந்தால் போச்சு. குழுவில் அவர் பெயரே மூக்கு அண்ணன். நாலாவது வரை படித்துவிட்டு, கப்பல் பட்டறையில் முப்பது வருடம் துரு சுரண்டியவர். அவரைக் கம்ப்யூட்டர்காரப் பயல்கள் அண்ணே என்று அழைப்பது அந்த மூக்குக்காகத்தான். குழு இல்லையென்றால் அவருடைய கைப்பேசி நாள் முழுக்கச் சும்மா கிடக்கும்.

அதனால் ஒரு வழி வைத்திருந்தார். எதிராளியை முதலில் குடிக்க விடுவார். முகத்தைப் பார்ப்பார். புருவம் ஏறினால் ஒரு பேச்சு. உதடு சுருங்கினால் வேறு பேச்சு. இரண்டு வருடத்தில் ஒருத்தன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

மூக்கு இருந்தும் இல்லாத பயல்கள்.

“குடி,” என்றார்.

“ஐயோ, நீங்க இருக்கையில நான் முதல்லயா? நீங்க குடிங்கண்ணே.”

“மரியாதை கிடக்குது. குடிய்யா.”

“அட, உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கத்தானே ஜூரோங்லேர்ந்து பஸ் மாறி வந்திருக்கேன்.”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிள்ளையார் மாதிரி.

அவர் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார்.

ஒன்றும் இல்லை. வெறும் சுவர்.

ஒரு மடக்கு. குளிர்ச்சி. கசப்பு. கொஞ்சம் இனிப்பு.

“நல்லா முத்தியிருக்கு. மேல காப்பி வாசம், அடியில சாக்லேட். ஆறு வருசம் காத்ததுக்குப் பலன்.”

அமலதாசனின் முகம் மலர்ந்தது. தன் கிளாஸை எடுத்தான்.

வாய்க்குப் போகுமுன் கை நின்றது.

மேசை துடைக்கிற அம்மா துணியோடு வந்தாள். கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அவன் கை நின்றதையும் அவள் மூக்கைப் பொத்தியதையும் அவர் பார்த்தார். சரக்கு நாறியிருக்க வேண்டும்.

அமலதாசன் குடித்தான். நிறுத்தாமல், அடிவரை, விளக்கெண்ணெய் குடிப்பவன்போல. கண்ணில் நீர் கட்டியது.

“ஆமாண்ணே. அருமை.”

ஜால்ரா.

அவர் மாற்றிக்கொடுக்கக் கொண்டுவந்து பையில் வைத்திருந்த போத்தலைக் குழுவில் பாதிப்பேர் கேட்டிருக்கிறார்கள். அது கைக்கு வருகிறவரை இவன் சாக்கடையையும் சந்தனம் என்பான். வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதும் கைப்பேசியை எடுப்பான். ஊர் சிரிக்கும்.

எல்லாப் பயலும் அப்படித்தான்.

அவர் தன் போத்தலை எடுத்து அவன் முன்னால் நிறுத்தினார். அவன் கொண்டுவந்ததைத் தொடவில்லை.

“எடுத்துக்க. உன்னுது எனக்கு வேணாம். இனிமே என்கிட்ட உனக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்ல. இப்பச் சொல்லு. எப்படி இருந்துச்சு?”

அமலதாசன் அந்தப் போத்தலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவருடைய கிளாஸில் பாதி மிச்சம் இருந்தது. கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவருக்கு எட்டாத தூரத்தில் வைத்தான்.

பிறகு, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

“எப்பலேர்ந்துண்ணே?”