திரும்பச் சொல்லுங்க

திரைப்பட விழாவின் திரைக்கதை வகுப்பு. அரங்கம் நிரம்பி வழிந்தது. எழுத்தாளருக்கு அந்த ஊர் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு வந்திருந்த பெண் பக்கத்து நாற்காலியில் இருந்தாள்.

முன்வரிசை மாணவி கேட்டதை அவள் அவருக்குச் சொன்னாள். "கதவைத் தட்டி ஒரு பொண்ணு கெஞ்சுற காட்சியை எப்படி எழுதினீங்கன்னு கேக்குறாங்க சார்."

"அது என் காதால கேட்டது. பதினெட்டு வருஷம் முன்னாடி, ஒரு மத்தியானம். எதிர்வீட்டுக்குப் புதுசா வந்தவ, முகம்கூடப் பார்த்ததில்ல. புருஷன் கொல்ல வர்றான்னு என் கதவைத் தட்டினா. நான் திறக்கல. கதவோரமா உட்கார்ந்து அப்படியே எழுதிக்கிட்டேன். ஒரு வரி காதுல சரியா விழல. 'திரும்பச் சொல்லுங்க'ன்னேன். சொன்னா."

குரல் பிசகாமல் அவள் அதை மொழிபெயர்த்தாள். அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை.

மாணவி மறுபடி ஏதோ கேட்டாள்.

"அப்புறம் அவ என்ன ஆனான்னு கேக்குறாங்க சார்."

"யாருக்குத் தெரியும்? மறுநாளே நான் வீடு மாத்திட்டேன். படத்துல சாகடிச்சிட்டேன். கதைக்கு அதுதான் பொருத்தம்."

அந்த நாலு வரிக்கு அவள் வெகுநேரம் பேசினாள். மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசைகளில் ஒவ்வொருவராக எழுந்து நின்று அவரையே பார்த்தார்கள்.

எழுத்தாளர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "நான் இவ்வளவு சொல்லலையேம்மா. என்ன சொன்னீங்க?"

"நான் திரும்பச் சொன்னதுக்கு அப்புறம் கதவுக்கு வெளியே நடந்ததை, சார்."