மாப்பிள்ளை மட்டும் மங்கல்

“உங்க கேமராவுக்கு மாப்பிள்ளை மேல என்னண்ணே அப்படி ஒரு கோபம்?”

வரவேற்பு மேடைக்குக் கீழே, பெண் வீட்டார் அமர்த்திய வயதான போட்டோகிராபரின் கேமராத் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டான் பேட்டரி. அவன் மாப்பிள்ளை வீட்டார் அமர்த்திய போட்டோகிராபர். பை நிறைய பேட்டரியோடு அலைவதால் தொழிலில் அதுவே அவன் பெயராகிவிட்டது.

திரையில் மணப்பெண்ணின் இமை முடியைக்கூட எண்ணலாம். பக்கத்தில் மாப்பிள்ளை, ஆவி படிந்த கண்ணாடியில் தெரிகிறவர் போல மங்கலாக நின்றார்.

“லென்ஸைக் கொஞ்சம் அதிகமா திறந்து வச்சுட்டேன் தம்பி, ஒரு முகம் தெளிவா விழுந்தா பக்கத்து முகம் மங்கிடுது,” என்றார் பெரியவர்.

“அதுக்காக ஒரு படத்துலகூடவா ஃபோகஸ் அவர் பக்கம் போகாது? என் கேமராவைப் பாருங்க. யார் முன்னால வந்தாலும் லபக்குன்னு கண்ணைப் பிடிச்சுக்கும். உங்க கேமரா கம்பெனிக்காரன் ஃபிளாஷ்ல கெட்டிக்காரன், ஒத்துக்கறேன். ஃபோகஸ்ல கோட்டை விட்டுட்டான்.”

ஃபிளாஷ் விஷயத்தில் அவனுக்கு உள்ளூரப் பொறாமைதான். அவனுடையது வெளிச்சத்தைத் தானே அளந்து அடித்தாலும் எல்லார் நெற்றியிலும் எண்ணெய் வழிந்தது. பெரியவருடையது கூரையில் பட்டு இறங்கி, கடுகடுவென்று நிற்பவரைக்கூட நல்லவராகக் காட்டியது.

பெண்ணின் அம்மா மட்டும் அந்த வெளிச்சத்துக்கு முகம் கொடுக்கவே இல்லை. பேட்டரியின் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தவர், பெரியவர் கேமராவைத் தூக்கினால் குனிந்து மகளின் உடையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார். இத்தனைக்கும் பெரியவர்தான் வேண்டும் என்று கேட்டு அமர்த்தியதே அந்த அம்மாதானாம்.

கூடத்தின் பெரிய திரையில் இருவர் எடுத்த படங்களும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தார். பெண் வீட்டில் குறை கண்டுபிடிப்பதையே காலையிலிருந்து முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தவர் அவர்.

“என்னங்க இது? என் தம்பி என்ன வழி தெரியாம மேடை ஏறின ஆளா? வேணும்னே பண்றீங்களா?”

“கேமரா கோளாறுங்க... இனிமே சரியா எடுத்துடறேன்,” என்றார் பெரியவர்.

பேட்டரிக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வயதில் ஒரு மனிதர் வந்த இடத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டு போவதா? கூடவே, போட்டிக் கேமரா கம்பெனியின் மெனுவும் தனக்கு அத்துப்படி என்று காட்டிக்கொள்ள நாக்கு துறுதுறுத்தது.

“கோளாறெல்லாம் இல்ல சார்,” என்று கேமராவை உரிமையோடு வாங்கினான். “இதுல ஒரு முகத்தைப் பதிஞ்சு வைக்கலாம். எத்தனை பேர் நின்னாலும் ஃபோகஸ் அந்த முகத்துக்குத்தான் ஓடும். கை தவறி பொண்ணு முகம் பதிஞ்சிருக்கும். அழிச்சுட்டா தீர்ந்தது.”

“வேண்டாம் தம்பி, குடுத்துடு,” என்று பெரியவர் பதறிக் கையை நீட்டினார். அதற்குள் அவன் மெனுவைத் திறந்துவிட்டான்.

பதிந்திருந்தது ஒரே முகம். மணப்பெண்தான். ஆனால் இன்றைய அலங்காரத்தில் இல்லை. பட்டமளிப்பு அங்கியில், கூட்டத்துக்கு நடுவே, யாரோ படம் எடுப்பது தெரியாமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேட்டரி திரையை அணைக்கப் பார்த்தான். மாப்பிள்ளையின் அண்ணன் கேமராவைப் பிடுங்கி, மேடையில் இருந்த மணப்பெண்ணிடம் நீட்டினார்.

“இது இன்னைக்கு எடுத்தது இல்லையே! இந்த ஆளை உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?”

மணப்பெண் படத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. “தெரியாதுங்க. இன்னைக்குத்தான் பார்க்கறேன்.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வருஷக்கணக்கா பின்னாலயே சுத்தியிருக்கான்” என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பாட்டு நின்றது. மேடையில் மாப்பிள்ளை, பெண்ணின் கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

“சார், இந்த மெனு சில சமயம் தப்பா காட்டும் சார்,” என்று பேட்டரி பொய் சொல்லிப் பார்த்தான். அது யார் காதிலும் ஏறவில்லை. நல்லது செய்யப் போய் ஒரு மனிதரைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது.

“ஏதாவது சொல்லுங்கண்ணே!”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. கேமராவை வாங்கிக் குடு, நான் போயிடறேன்.”

மாப்பிள்ளையின் அண்ணன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். “எங்கய்யா போற? அப்பா முகமே தெரியாம வளர்ந்த பொண்ணுதானே, கேட்க ஆளில்லைன்னு நினைச்சியா?”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெண்ணின் அம்மா வந்தார். நடை தள்ளாடினாலும் குரல் தள்ளாடவில்லை.

“கையை எடுங்க தம்பி. நீங்க பிடிச்சிருக்கறது அவ அப்பாவோட சட்டை.”