தூண்டிவிட்டவர் யார்?

மார்ச் பன்னிரண்டாம் நாள். சாய்மானமில்லாத முக்காலிகளில் இனி அமரமாட்டோம் என்று தையற்கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் இயந்திரங்களின் அருகே நின்றுகொண்டிருந்தனர். மேலாளருக்குக் கோபம் தலைக்கேறியது.

“இத்தனை வருஷமா வாயைத் திறக்காதவங்களுக்கு இன்னிக்கு என்ன வந்தது? உள்ள எவளோ ஒரு கலகக்காரி இருக்கா. தூண்டிவிட்டது யாருன்னு சொல்லுங்க, இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

மூத்த தையற்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பொம்பளை இல்லை சார். நேத்துப் போட்டோவுக்குப் போஸ் குடுக்க ஒருத்தரு என் முக்காலியில வந்து உட்கார்ந்தாரு. பத்தே நிமிஷம். ‘இதுல மனுஷன் உட்காருவானா’ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே எழுந்து போனாரு.”

மேலாளரின் கை தானாகவே இடுப்புக்குச் சென்றது.

“வீட்டுக்குப் போக வண்டி வரச் சொல்லட்டுமா சார்?”

வாசகரே, இதைச் சாய்ந்துகொண்டு படிக்கிறீர்களெனில், சற்று முன்னால் நகர்ந்து ஒரு மணி நேரம் நிமிர்ந்து அமருங்கள். அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.