கதிர் கிடந்த ரோடு

"உங்க கதிரை எல்லாம் ரோட்டுல காயப் போடுங்க தாயி. இதைக் கேக்கத்தான் காரியாபட்டியில இருந்து வந்தேன்."

முத்துப்பேச்சி தானியம் புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள். ரோட்டில் காயப் போடாதே என்று அதட்ட வந்தவர்களைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். போடு என்று கெஞ்சுவதற்கு ஒரு மனிதர் பஸ் ஏறி வருவார் என்று அவள் கனவா கண்டாள்?

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு மாதத் தாடி. பரளச்சி போகும் ரோட்டை ஒட்டி இருபது வீடுகள் இருக்க, நேராக அவள் வீட்டை விசாரித்து வந்திருக்கிறார்.

"யாருண்ணே நீங்க?"

"பால்ச்சாமி. இந்த லயன்ல முப்பது வருசம் பஸ்ஸு ஓட்டுனவன். ரிட்டயர்டாகி மூணு வருசமாச்சு."

"அட, நம்ம டிரைவரண்ணனா! தாடியில அடையாளமே தெரியல. இதே இடத்துல ஆரனை அமுக்கிக்கிட்டு நிப்பீகளே. 'ரோடென்ன உங்கப்பன் வீட்டுக் களமா'ன்னு என்னையவே எத்தனை தடவை வஞ்சிருக்கீக!"

"வஞ்சேன்தான்."

"இப்ப நீங்களே வந்து போடச் சொல்றீக?"

"அப்ப புத்தி இல்ல தாயி" என்றார் பால்ச்சாமி. "ரோட்டுல கதிர் கிடந்தா பக்கத்துல யாராச்சும் உக்காந்திருப்பாக. ஆடு வாய் வைக்க வரும். பிள்ளைக குறுக்க ஓடும். ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துத்தான் வண்டியை உருட்டணும். எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா முப்பது வருசத்துல இங்க ஒரு கோழி அடிபட்டதில்ல. இப்ப வெள்ளைக் கோடு போட்டு, ரெண்டு பக்கமும் கம்பி நட்டு, ஆளுகளை ஓரத்துல ஒதுக்கியாச்சு. காலையில இருந்து பஸ் ஸ்டாப்புல உக்காந்து பாத்தேன். ஒரு டிரைவரும் இந்தப் பக்கம் திரும்பல. எல்லாம் தூரத்தைப் பாத்து மிதிக்கிறான். 'மெதுவாகச் செல்லவும்'னு போர்டு இருக்கு, அதை எவன் படிக்கிறான்?"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லோடு வேன் விர்ரென்று போனது. சொளகில் இருந்த குதிரைவாலியின் மேல் புழுதி வந்து படிந்தது.

"நெசந்தாண்ணே. ஆனா நாங்க போட மாட்டோம்."

"ஏன் தாயி?"

அவ்வளவுதான், முத்துப்பேச்சிக்கு ஒரு வருடத்துக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"போன மாசியில ரோட்டாபீஸ்ல இருந்து ஒரு ஆபீஸர் வந்தான். சின்ன வயசு. கறுப்புக் கண்ணாடி, மூஞ்சியை மூடி மாஸ்க்கு. ஒரு நாள் டைம் குடுங்க சார், அள்ளிக்கிறோம்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். பொக்லைனை விட்டு அம்புட்டுக் கதிரையும் மண்ணும் சரளையுமாப் பள்ளத்துல தள்ளிட்டான். ஒரு வருசத்துப் பாடு. ஊரே பாக்க அழுதேன். அந்த இடத்துல மறுபடி போய்ப் போடுவமா? அவன் வரட்டும். என் வாசல்ல நின்னு, தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பெறகு போடுறோம்."

"அவன் வர மாட்டான் தாயி."

"அப்ப நாங்களும் போட மாட்டோம். தவிச்சுப் போய் வந்து நின்னாலும் அவனுக்குப் பச்சத்தண்ணி குடுக்க மாட்டேன்."

பால்ச்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், இந்த மனிதரிடம் போய்க் கத்துவானேன்?

"நீங்க எதுக்குண்ணே இம்புட்டு வருத்தப்படுறீக? வண்டியை விட்டு இறங்கியாச்சுல்ல?"

"போன மாசம் இருபதாந்தேதி, இந்த வளைவுல ஒரு பைக்..."

"ஆமா." அவள் குரல் இறங்கிவிட்டது. "லாரிக்காரன் தட்டிட்டு நிக்காமப் போயிட்டான். அந்தப் பிள்ளைக்கு மூஞ்செல்லாம் ரத்தம். என் மடியிலதான் கிடந்துச்சு. ஆம்புலன்சு வார வரைக்கும் தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. நாந்தான் சொட்டுச் சொட்டா விட்டேன். பிழைக்கலேன்னு மறுநா சொன்னாக. யாரு பெத்த பிள்ளையோ..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு மாதத் தாடியைப் பார்த்தாள்.

"அண்ணே...!"

"என் மகன்தான் தாயி. மாதவன். தண்ணி குடுத்தது நீங்கன்னு போலீஸ்காரவுக சொன்னாக."

முத்துப்பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரோ எவரோ என்று நினைத்த பிள்ளைக்கு இப்போது ஒரு பெயரும், எதிரே நிற்கும் ஒரு தகப்பனும் இருப்பதை அவளால் தாங்க முடியவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

"போடுறோம்ணே. உங்க பிள்ளைக்காகப் போடுறோம். நாளைக்கே இருபது வீட்டுக் கதிரும் ரோட்டுல கிடக்கும். அந்த ஆபீஸர் வந்து தள்ளட்டும் பாப்போம், நான் பேசிக்கிறேன் அவன்கிட்ட."

பால்ச்சாமி இரண்டு கைகளையும் கூப்பினார். கிளம்பத் திரும்பியவர், மனசு கேட்காமல் நின்றார்.

"கதிர் கிடந்து வண்டி லேட்டாகுதுன்னு தினம் வீட்டுல போய் உங்களை வைவேன். அதைக் கேட்டே வளந்த பய. 'நீங்க ஓட்டுன ரோட்டுல இனி எவனும் பிரேக்கைத் தொட வேண்டாம்ப்பா, க்ளீன் பண்ணிட்டேன்'னு போன மாசி மாசம் சிரிச்சுக்கிட்டே வந்து சொன்னான். நீங்க தண்ணி குடுத்தது அந்த ஆபீஸருக்குத்தான் தாயி."